விண்மீன் திரள்களின் இடைவெளியில்: பேராசிரியர் பிரிற்ஸ் சுவிக்கி வரலாறு

சுவிற்சர்லாந்தின் கிளாறுஸ் மாநிலத்தில் மொலிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. சூரிச் நகரிலிருந்து தொடருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவ்வூரை அடைந்துவிடலாம். நம் பிள்ளைகளுட் சிலர் பள்ளிச் சுற்றுலாவின்போது அதனைக் கடந்து சென்றிருக்கவும் கூடும். பெருமலைகளின் அடிவாரத்திலுள்ள அவ்வூர் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் பேராசிரியர் பிரிற்ஸ் சுவிக்கி. விண்மீன்கள் எங்கெல்லாம் இருக்கலாம் என்னும் வினாவுக்கு, அக்காலத்து அறிஞர் எவரும் எதிர்பாராத விடையைச் சொன்னவர் அவர். வானியலாளருள் அவரளவு கண்டறிந்தவரும் சிலரே. அவரளவு சண்டையிட்டவரும் சிலரே. ஆண்டு விழா மலருக்கு அறிஞர் ஒருவரின் வரலாறு வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, நம் பிள்ளைகள் வளரும் இந்நாட்டோடு தொடர்புடைய இவரையே நாம் தெரிந்துகொண்டோம்.

சுவிக்கி பிறந்தது சுவிற்சர்லாந்தில் அன்று. 1898 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14 ஆம் நாள், பல்கேரியா நாட்டில் கருங்கடற்கரையிலுள்ள வார்ணா என்னும் துறைமுக நகரில் அவர் பிறந்தார். தந்தையார் கிளாறுஸ் மண்ணைச் சேர்ந்தவர். வணிகத்தின் பொருட்டு வார்ணாவிற் குடியேறி, அங்கு நோர்வே நாட்டின் தூதுப் பணியையும் பார்த்து வந்தவர். தாயார் செக் இனத்தவர். மூத்த பிள்ளையாகிய சுவிக்கியை ஆறாவது வயதிலேயே பெற்றோர் கிளாறுஸிலுள்ள பாட்டன் பாட்டியிடம் படிப்புக்காக அனுப்பிவிட்டனர். படிப்புக்காகப் பிள்ளையைப் பிரிந்திருப்பது என்னவென்று நம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. வணிகம் கற்றுத் தம்மைப் போலவே மகனும் வருவான் என்பது தந்தையின் எண்ணம். மகனோ கணிதத்திலும் பௌதிகத்திலும் மனத்தைப் பறிகொடுத்தான்.

சூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கற்று, பளிங்குகளைப் பற்றிய ஆய்வுக்காக 1922 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஐன்ஸ்ரைன் கற்றதும் கற்பித்ததும் அதே பல்கலைக்கழகத்திலேயே. 1925 இல் ரொக்கபெல்லர் நிதியுதவி பெற்று அமெரிக்கா சென்ற சுவிக்கி, கலிபோர்ணியாவில் பசடீனா நகரிலுள்ள கலிபோர்ணியாத் தொழில்நுட்பக் கழகத்தில், நோபல் பரிசு பெற்ற ரொபேட் மில்லிக்கனின் கீழ்ப் பணியாற்றத் தொடங்கினார். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் அந்நகரிலேயே கழித்தார். ஆயினும் அமெரிக்கக் குடியுரிமையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. பிறந்த நாடு ஒன்று, வளர்ந்த நாடு ஒன்று, வாழ்ந்த நாடு ஒன்று. கேட்பவர்க்கெல்லாம் அவர் தம்மைச் சுவிற்சர்லாந்துக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்.

பளிங்குகளை ஆராய வந்தவரை வானம் இழுத்துக்கொண்டது. பசடீனாவுக்கு மேலே நிற்கும் வில்சன் மலையில் அந்நாளில் உலகின் மிகப் பெரிய தொலைகாட்டி இருந்தது. அதனைக் கொண்டு எட்வின் ஹபிள் என்பார், நமது பால்வீதி மட்டுமே பேரண்டம் அன்று, அதனைப் போன்ற விண்மீன் திரள்கள் வெளியெங்கும் எண்ணிறந்தன உள்ளன என்று 1920 களில் நிறுவியிருந்தார். ஒரு திரள் என்பது விண்மீன்களாலான பெருந்தீவு. நமது பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ ஓரிலட்சம் ஒளியாண்டுகள். அதிலுள்ள விண்மீன்கள் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்டவை. நமக்கு அண்மையிலுள்ள பெருந்திரளாகிய அந்திரோமீடா 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. தீவுகள் என்றவுடனே, இடையிலிருப்பது வெறுங்கடல் என்று எவரும் எண்ணிவிடுவர். வானியலாளரும் அவ்வாறே எண்ணினர். திரளுக்குள்ளே விண்மீன்கள்; திரளுக்கு வெளியே ஒன்றுமில்லை. சுவிக்கி நம்ப மறுத்தது இதனையே.

1933 இல் சுவிஸ் பௌதிகக் கழகத்தின் சஞ்சிகையில் ஜேர்மன் மொழியில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரள்களும் தனித்தனியே இராமல் கொத்துக் கொத்தாகக் கூடி வாழ்பவை. பெரனீசின் கூந்தல் என்னும் வான்பகுதியிலே அத்தகைய கொத்து ஒன்று உண்டு. அதிற் காணப்படும் திரள்கள் ஏறத்தாழ 800 எனச் சுவிக்கி கணக்கிட்டார். அவை செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் என்னும் அளவில் ஒன்றையொன்று ஊடறுத்து விரைந்துகொண்டிருந்தன. கவணிற் கல்லை வைத்துச் சுழற்றிய பிள்ளைகளுக்குத் தெரியும்: கல் வேகமாகச் சுழலச் சுழலக் கயிறும் வலிமையாக இருத்தல் வேண்டும், இன்றேல் அறுத்துக்கொண்டு போய்விடும். கொத்துக்குக் கயிறாக இருப்பது ஈர்ப்பு விசை. கண்ணுக்குத் தெரிந்த பொருளை மட்டும் கூட்டிப் பார்த்தால், அந்த ஈர்ப்புக்கு அடங்கி நிற்கக்கூடிய வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் மட்டுமே. ஆகவே ஒளி வீசாத பொருள் பெருமளவில் அங்கு மறைந்திருத்தல் வேண்டும் என்று அவர் முடிவு செய்து, அதற்குக் கரும்பொருள் எனப் பெயரிட்டார். தெரியும் பொருளைப் போல 400 மடங்கு என்பது அவர் கணக்கு. அக்காலத்தில் வானத் தொலைவுகளை அளந்த முறையிற் பிழை இருந்தபடியால் அந்த எண் மிகைப்பட்டது. கொத்துகளின் இடைவெளியில் வெப்பம் மிக்க வாயு நிறைந்திருப்பதும் 1970 களிற் கண்டறியப்பட்டது. இவ்விரண்டையும் கழித்த பின்னரும் கணக்கு நேராகவில்லை. கரும்பொருள் வேண்டியே இருக்கிறது. அக்கட்டுரையை நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலார் பொருட்படுத்தவில்லை. 1970 களில் வேரா ரூபின் அம்மையாரும் பிறரும் தனித்தனித் திரள்களின் சுழற்சியை அளந்து காட்டிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

1934 இல் வால்ரர் பாடே என்னும் ஜேர்மன் வானியலாளருடன் சேர்ந்து அவர் செய்த வேலையை இங்கு விரித்துரைக்க இடமில்லை. பெரும் விண்மீன் ஒன்று வெடித்து மடியும் நிகழ்வுக்கு மீயொளிர் விண்மீன் என்னும் கருத்துப்படப் பெயரிட்டு, வெடிப்பின் பின் நியூத்திரன்களாலான சிறு விண்மீன் எஞ்சும் என்று இருவரும் கூறினர். நியூத்திரன் என்னும் துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டு அப்போது இரண்டே ஆண்டுகள்! அத்தகைய விண்மீன் 1967 இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. 1936 முதல் பலோமர் மலையில், வானின் அகன்ற பரப்பை ஒரே தகட்டிற் பதிக்கும் சிறு தொலைகாட்டியொன்றை வைத்துக்கொண்டு, இரவு தோறும் குளிரில் நின்று படமெடுத்து, ஏறத்தாழ 120 வெடிப்புகளைச் சுவிக்கி தாமே கண்டுபிடித்தார். திரளொன்றின் ஈர்ப்பு அதன் பின்னாலிருந்து வரும் ஒளியை வில்லை போல வளைக்கும் என்று 1937 இல் எழுதினார்; அதுவும் 1979 இல் மெய்யாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உந்துகணைப் பொறிகளை ஆராயும் நிறுவனமொன்றின் ஆய்வுத் தலைவராக இருந்தார். அப்பணிக்காக அமெரிக்க அரசு 1949 இல் அவருக்குப் பதக்கம் அளித்தது. போர் முடிந்தபின் அவர் செய்த மற்றொரு பணிக்கு அத்தனை பெயரில்லை. குண்டு வீச்சினால் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அழிந்துபோன நூலகங்களுக்காக அறிவியல் நூல்களையும் சஞ்சிகைகளையும் பல ஆண்டுகள் வீடு வீடாகவும் கழகம் கழகமாகவும் கேட்டுச் சேர்த்து, தொன் கணக்கிற் கப்பலேற்றினார். நூலகம் சாம்பலாவது எத்தகையது என்று அறிந்த தலைமுறையினராகிய நாம், அவருடைய கண்டுபிடிப்புகள் எல்லாவற்றுக்கும் மேலாக இச்செயலை மதிக்கிறோம். வானியலாளர் நம்மோடு உடன்படாமற் போகலாம்.

இனி, திரள்களுக்கு வெளியே உலவும் விண்மீன்களிடம் வருவோம். 1940 களின் இறுதியிற் பலோமர் மலையிற் பெரிய தொலைகாட்டிகள் இரண்டு செயற்படத் தொடங்கின. கூந்தற் கொத்தை மீண்டும் படமெடுத்த சுவிக்கி, திரள்களின் இடைவெளியில் மிக மங்கலான ஒளி பரந்து கிடப்பதாக 1951 இல் எழுதினார். அது விண்மீன்களின் ஒளி என்றும், அவ்விண்மீன்கள் எந்தத் திரளையும் சேராதவை என்றும் அவர் கூறினார். வேறு இடங்களில், அருகருகே நிற்கும் இரு திரள்களை இணைத்து மெல்லிய ஒளிப்பாலம் செல்வதையும், சில திரள்களிலிருந்து நீண்ட வால் போன்ற இழை புறப்பட்டு வெறுவெளியில் மறைவதையும் படம் படமாகக் காட்டினார். ஒரே பகுதியை இருவேறு நிறங்களிற் படமெடுத்து, ஒன்றின் நேர்ப்படத்தின்மேல் மற்றதன் எதிர்ப்படத்தை வைத்து நோக்கும் உத்தியையும் அவர் கையாண்டார். ஒத்த நிறம் அழிந்துபோக, வேறுபட்ட நிறம் மட்டும் எஞ்சித் தெரியும்.

விண்மீன்கள் தம் திரளை விட்டு எவ்வாறு வெளியேறுகின்றன? கடலில் வற்றுப்பெருக்கு எழுவது போலவே. பூமியில் நிலவுக்கு அண்மையான பக்கத்தை நிலவு கூடுதலாகவும், தொலைவான பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வேறுபாட்டினாற் கடல்நீர் இரு பக்கமும் பொங்குகிறது. இரு திரள்கள் நெருங்கிக் கடக்கும்போதும் அவ்வாறே ஒன்றின் ஈர்ப்பு மற்றதை இழுத்து நீட்டுகிறது. நடுவிலுள்ள விண்மீன்களைத் திரள் இறுகப் பற்றியிருப்பதால் அவை தப்பிவிடும். ஓரத்திலுள்ளவை பிடி தளர்ந்து, ஒரு பக்கம் பாலமாகவும் மறுபக்கம் வாலாகவும் நீண்டு விடுகின்றன. அவற்றுட் சில மெல்லத் திரும்பி விழும், சில திரும்புவதேயில்லை.

இவ்வாறு திரள்கள் ஒன்றையொன்று ஊடுருவினால் விண்மீன்கள் மோதி நொறுங்காவோ என்று சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி வினவினாள். சூரியனை ஒரு சென்ரிமீற்றர் அளவான கண்ணாடிக் குண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். அக்குண்டை சென்காலன் நகரில் வைத்தால், அதற்கு மிக அண்மையிலுள்ள அடுத்த குண்டு ஏறத்தாழ ஜெனீவாவில் இருக்கும். இடையில் ஒன்றுமில்லை. ஆகையால் இரு திரள்கள் கலந்தாலும் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது. அவற்றின் பாதைகள் மட்டுமே மாறுகின்றன. பாதை மாறிய விண்மீன் தன் கோள்கள் இருந்தால் அவற்றையும் அழைத்துக்கொண்டே செல்கிறது. அக்கோளொன்றில் நிற்பவருக்கு இரவு வானம் ஏறக்குறைய முழு இருளாகவே இருக்கும். திரள்கள் சில மங்கிய புகைப் பொட்டுகளாகத் தெரியலாம்.

அவ்வெளியிற் பயணம் நெடியது. கொத்தினுள்ளே செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் செல்லும் விண்மீன் ஒன்று பத்து இலட்சம் ஒளியாண்டுத் தொலைவைக் கடக்க 30 கோடி ஆண்டுகள் எடுக்கும். சூரியனை ஒத்த விண்மீன் ஆயிரம் கோடி ஆண்டுகள் வாழக்கூடியதாதலால் அதற்குக் காலம் போதும். பெரிய விண்மீன்களோ சில கோடி ஆண்டுகளிலேயே எரிந்து முடிந்துவிடுபவை. அவை பாதி வழியைக்கூடக் காணா. இடைவெளியில் அலைபவை பெரும்பாலும் முதிர்ந்த, சிறிய, செந்நிற விண்மீன்களாயிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சுவிக்கியின் இக்கருத்தையும் பலர் ஏற்கவில்லை. ஈர்ப்பு மட்டும் அத்தனை மெல்லிய இழைகளை உண்டாக்க இயலாது என்றனர். காந்த விசையைக் காரணங்காட்டியோரும் உண்டு. மங்கிய ஒளி, தகட்டின் குறையாயிருக்கலாம் என்றனர். அதற்கும் நியாயம் இருந்தது. அந்த ஒளி, நிலவில்லாத இரவு வானத்தின் இயல்பான ஒளியின் நூற்றிலொரு பங்கைவிடக் குறைவானது. ஆயினும் நியாயம் முழுவதும் எதிர்த்தோர் பக்கம் இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. சுவிக்கி சொன்னார் என்பதற்காகவே தள்ளியோரும் இருந்தனர்.

அதற்கு அவரும் காரணராவார். மலையேறுவதில் வல்லவரான அவர், மனிதரோடு பழகுவதில் அத்திறமையைக் காட்டவில்லை. உடன் பணியாற்றியோரை அவர் ஏசிய சொற்கள் மாணவர் மலரில் எழுதத் தக்கவை அல்ல. உற்ற துணையாயிருந்த பாடேயையே, அவர் ஜேர்மானியர் என்பதை வைத்து, நாசி என்று போர்க்காலத்திற் பழித்தார்; பாடே அவரோடு தனித்திருக்கவே அஞ்சினார். 1971 இல் தம் செலவிலேயே அச்சிட்ட விண்மீன் திரள் அட்டவணையின் முன்னுரையில், அமெரிக்க வானியலாளர் பலரைப் பெயர் சொல்லித் தாக்கினார். அதே மனிதர் போரினாற் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கிராமம் அமைக்கும் பெஸ்ராலொற்சி அறநிலையப் பணியிலும் பல ஆண்டுகள் முன்னின்று உழைத்தார். அவர் சொன்ன யாவும் சரியாகிவிடவுமில்லை. பேரண்டம் விரிகிறது என்பதை அவர் எளிதில் ஏற்கவில்லை. நெடுந்தொலைவு வரும் ஒளி வழியில் களைத்துப் போவதாலேயே சிவக்கிறது என்று 1929 இல் அவர் முன்வைத்த விளக்கம் நிலைக்கவில்லை. ஆய்வாளருக்கு முரட்டுத்தனம் வேண்டும் என்று அவரை உதாரணங் காட்டுவோர் உண்டு. நமக்கு அது உடன்பாடில்லை. கரும்பொருள் நாற்பது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்ததில் அவருடைய நாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

1968 இல் ஓய்வு பெற்றார். 1972 இல் இங்கிலாந்தின் அரச வானியற் கழகம் தனது தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அதே ஆண்டில், போர்க்காலத்தில் எஸ்தோனியாவை விட்டு வெளியேறிய குடும்பமொன்றிற் பிறந்த ஆலார் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் சகோதரர் இருவர், பாலங்களும் வால்களும் ஈர்ப்பு விசை ஒன்றினாலேயே தோன்ற முடியும் என்று கணினி மூலம் கணித்துக் காட்டினர். சுவிக்கி 1974 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள், 76 ஆவது பிறந்த நாளுக்கு ஆறு நாட்கள் இருக்கையில், பசடீனாவிற் காலமானார். உடல் கடல் கடந்து மொலிஸ் வந்து சேர்ந்தது.

பாலமும் வாலும் மெய்ப்பட்டனவே அன்றி, எந்தத் திரளையும் சேராத தனி விண்மீனை எவரும் அப்போதும் கண்டிலர். அதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. சூரியனை ஒத்த விண்மீன் இறக்குந் தறுவாயில் வாயுப் போர்வையை உதிர்க்கும். அப்போர்வை குறிப்பிட்ட ஒரு பச்சை நிறத்திற் சுடரும். அந்நிறத்தை மட்டும் தேடியவர்கள், கன்னிக் கொத்து எனப்படும் கூட்டத்தின் இடைவெளியில் அவ்வாறான சுடர்களை 1990 களின் நடுப்பகுதியிற் கண்டனர். தொடர்ந்து ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி, அதே கொத்தில் வெறுமையாகத் தோன்றிய சிறு துண்டு வானத்தை உற்று நோக்கி, ஏறத்தாழ 600 செம்பெரு விண்மீன்களைக் காட்டியது. கொத்திலுள்ள விண்மீன்களிற் பத்தில் ஒரு பங்கு எத்திரளையும் சாராதது என்று அதிலிருந்து மதிப்பிட்டனர். 2003 இல், தாய்த்திரள் என்று சுட்ட ஒன்றுமில்லாத வெளியில் வெடித்த மீயொளிர் விண்மீன்கள் சில அறிவிக்கப்பட்டன. சுவிக்கி வாழ்நாளெல்லாம் தேடிய இரண்டும், வெடிப்பும் இடைவெளி விண்மீனும், ஓரிடத்திற் சந்தித்தன.

ஈர்ப்பு அலைக்கழிப்பதன்றி வேறு வழியாலும் விண்மீன் வெளியேறுவது உண்டு. பால்வீதியின் நடுவில், சூரியனைப் போல 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. இணைபிரியாத இரட்டை விண்மீன் அதனை நெருங்கினால் ஒன்று பிடிபடும். மற்றது வீசி எறியப்படும். 1988 இற் கணிக்கப்பட்ட இது 2005 இல் நேரிற் காணப்பட்டது. 2019 இல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் செக்கனுக்கு 1,700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. பால்வீதியின் ஈர்ப்பு அதனை ஒருபோதும் மீட்க இயலாது.

2023 இல் ஏவப்பட்ட யூக்ளிட் என்னும் ஐரோப்பிய விண்வெளித் தொலைகாட்டி, 24 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெர்சியஸ் கொத்தைப் படமெடுத்தது. அதன் இடைவெளியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி விண்மீன்கள் உலவுவதாக ஆய்வாளர் 2024 இல் கணக்கிட்டனர். செய்தித்தாள்கள் அவற்றை அநாதை விண்மீன்கள் என்றன. அச்சொல் நமக்கு உவப்பாக இல்லை. அறிவியலும் அதற்கு இடந்தரவில்லை. தம் திரளை இழந்தனவேயன்றி, அவை வீதியில் விடப்பட்டவை அல்ல. கொத்து முழுவதன் ஈர்ப்பும் அவற்றைப் பற்றியிருக்கிறது. அதனாலேயே அவை கொத்தை விட்டு ஓடாமல் அதனுள்ளேயே வலம் வருகின்றன. கரும்பொருள் எவ்விடத்திற் செறிந்துள்ளதோ அவ்விடத்தின் வடிவையே இந்த மங்கிய ஒளியும் பின்பற்றுகிறது என்று 2019 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. கண்ணுக்குத் தெரியாத பொருளின் உருவத்தை வரைய இன்று இவ்விண்மீன்களே உதவுகின்றன. 1933 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் 1951 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் உள்ள இத்தொடர்பைச் சுவிக்கி கண்டிருந்தால் எத்தனை பேரை ஏசியிருப்பாரோ, நாம் அறியோம்.

கூந்தற் கொத்து இருக்கும் திசையைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் பெற்றோர் சித்திரை, வைகாசி மாதங்களில், இருட்டிய பின், நகர விளக்குகளுக்கு அப்பாற் செல்லலாம். உத்தரம், சுவாதி என்னும் நம் நாள்மீன்கள் இரண்டையும் முதலிற் கண்டுகொள்ளுங்கள். சுவாதி செம்மஞ்சளாக ஒளிர்வதால் எளிதிற் புலப்படும். அவ்விரண்டுக்கும் இடையே, சற்று வடக்கே தள்ளி, ஒன்றுமில்லாதது போலத் தோன்றும் வானப் பகுதியே அது. வெறுங்கண்ணுக்கு அக்கொத்து தெரியாது. கொத்து 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது.